படகு இரவில் எங்கே கிடக்கும்? வன்னிக் கரையில் மரத் தூண்டில் படகு கட்டத் தொடங்குவோருக்கு

மரத்தில் தூண்டில் படகு கட்ட ஆசைப்பட்டு என்னிடம் வரும் இளைஞர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “எந்த மரம் நல்லது?” என்றுதான். அதற்குப் பதில் சொல்லுமுன் நான் ஒன்று கேட்பேன்: “தம்பி, படகு இரவில் எங்கே கிடக்கும்?” பலர் அதை யோசித்தே இருப்பதில்லை. ஆனால் எந்த முறையில் கட்ட வேண்டும், எந்த மரம் வேண்டும், எவ்வளவு தடிப்பு வேண்டும் என்ற மூன்றும் அந்த ஒரு பதிலில்தான் தொங்குகின்றன.

முல்லைத்தீவு, அளம்பில், செம்மலைப் பக்கம் என்றால் திறந்த கடல். வேலை முடிந்ததும் படகை மணலில் இழுத்து ஏற்ற வேண்டும். பகல் முழுவதும் வெயிலில் கிடக்கும். நாயாறு, கொக்கிளாய் களப்புகளில் என்றால் கட்டிய கயிற்றோடு நீரிலேயே மிதக்கும். பூநகரி, நாச்சிக்குடா, விடத்தல்தீவு என்று மேற்குக் கரைக்குப் போனால் பாக்கு நீரிணைப் பக்கத்து ஆழமில்லாத கடல். நங்கூரத்தில் நிற்கும், நீர் வற்றினால் சேற்றில் அமரும். வெயிலில் காயும் படகும் நீரில் ஊறும் படகும் ஒன்றல்ல. மரம் ஊறினால் நாருக்குக் குறுக்கே விரியும், காய்ந்தால் சுருங்கும். கீழே சொல்லும் முறைகள் அனைத்தும் இந்த ஒரு குணத்தோடு வெவ்வேறு விதமாக மல்லுக்கட்டியவையே.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். நம் கரைகளில் நிற்கும் படகுகளில் பெரும்பாலானவை பைபர் படகுகள். அவை வலைத் தொழிலுக்கு நல்லவை. அப்படியிருக்க மரம் எதற்கு? பைபர் படகுக்கு முதலில் அச்சு வேண்டும். அச்சு செய்கிற செலவும் உழைப்பும் பல படகுகள் வார்த்தால்தான் கட்டுபடியாகும். மரத்தில் ஒரே ஒரு படகை நம் தேவைக்கு ஏற்ற வடிவத்தில் கட்டலாம். தூண்டில் படகுக்குத் தேவையும் வேறு. அறக்குளாவுக்கும் சூரைக்கும் இழுவைத் தூண்டில் போடும்போது இரண்டு மூன்று பேர் ஒரே பக்கத்து விளிம்பில் எழுந்து நிற்பார்கள். படகு சரியக் கூடாது. விளிம்பில் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) சிக்குகிற ஆணியோ கொளுக்கியோ இருக்கக் கூடாது. விடியுமுன் மீன் மேயும் இடத்தை எட்ட வேண்டும், எனவே இலேசாகவும் இருக்க வேண்டும். நான் இங்கே மனத்தில் வைத்திருப்பது 16 அடிப் படகு, 15 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம், மூன்று பேர்.

கலப்பற்றுப் படகு

பழைய ஓடாவிகள், அதாவது படகுத் தச்சர்கள், கட்டியது இது. ஏராவை (அடியின் நடுவே ஓடும் முதுகுச் சட்டத்தை)ப் படுக்க வைத்து, அதன்மேல் வங்குகளை (விலாச் சட்டங்களை) நிறுத்தி, பலகைகளை விளிம்போடு விளிம்பாக அறைந்து, இடைவெளியில் பஞ்சை அடித்து இறுக்கிப் பூச்சுப் போடுவார்கள். இதே வடமாகாணத்தில், வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, நம் மாலுமிகளே அதை அத்திலாந்திக் கடந்து ஓட்டிச் சென்று 1938இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். மரக்கலம் கட்டுவதில் இந்தக் கரைகளுக்கு இருந்த தேர்ச்சிக்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனாலும் திறந்த மணற்கரையில் வைக்கப்போகும் முதல் படகுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கலப்பற்றுப் படகு நீரிலேயே வாழ வேண்டியது. நீரில் பலகைகள் விரிந்து ஒன்றையொன்று நெருக்கும். பஞ்சு அந்த நெருக்கத்தில்தான் நீரைத் தடுக்கிறது. ஐந்து நாள் சோழகக் (தென்மேற்குக்) காற்றிலும் வெயிலிலும் மணலில் கிடந்தால் இடைவெளிகள் திறந்துகொள்ளும். நகத்தை உள்ளே விடலாம். மறுபடி கடலில் இறக்கினால் பலகை ஊறும்வரை நீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முல்லைத்தீவில் எனக்கு வேலை காட்டித் தந்த ஓடாவி ஐயா ஒருவர் காய்ந்த படகுக்குள் ஈரச் சாக்குகளைப் பரப்பி, காலையும் மாலையும் கடல்நீர் ஊற்றி வைப்பார். திறந்த இடைவெளியைப் பார்த்துப் பதறி நான் பஞ்சை அடிக்கப் போனபோது கொட்டாப்புளியைக் கையிலிருந்து வாங்கிவிட்டார். “காய்ந்த படகுக்குப் பஞ்சை இறுக்காதே தம்பி. பிறகு பலகை ஊதும்போது ஆணியைப் பிடுங்கிவிடும்” என்றார். அப்படிப் பிடுங்கப்பட்ட படகை அதன்பின் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்; வங்கிலிருந்து பலகை ஒரு விரல் அகலம் விலகி நின்றது.

அமெரிக்காவில் பெரிய மீன்களுக்கான தூண்டில் படகுகளின் வரலாறும் இப்படித்தான் தொடங்கியது. 1940களின் பிற்பகுதியில் புளோரிடாவின் பாம் பீச் பகுதியில் ரிபோவிச் குடும்பத்தார் கட்டிய படகுகளும், வட கரோலினாவின் வெளித்தீவுப் பக்கத்துப் படகுகளும் வங்கின்மேல் பலகை அறைந்தவையே. வட கரோலினாவில் ஜூனிப்பர் என்று அழைக்கும் இலேசான வெண்தேவதாருப் பலகையைப் பயன்படுத்தினார்கள். அந்தப் படகுகள் துறையில் நீரிலேயே கிடந்தவை, அதனால் அங்கே அந்த முறை பொருந்தியது. முகப்பு வெளிப்புறமாக விரிந்து அலைத்தெறிப்பைத் தள்ளிவிடும் கரோலினா வடிவத்தை நாம் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். அணியத்தில், அதாவது முன்முனையில், நிற்பவர் நனையாமல் இருக்க அது பெரிதும் உதவும். ஆனால் வடிவத்தைக் கற்பது வேறு, கட்டும் முறையை அப்படியே எடுப்பது வேறு. அவர்களிலும் பலர் இன்று கீழே சொல்லும் அடுக்கொட்டு முறைக்கு மாறிவிட்டார்கள்.

நாயாற்றிலோ கொக்கிளாயிலோ ஆண்டு முழுவதும் நீரில் நிற்கப்போகும் படகு, அருகில் கலப்பற்று தெரிந்த ஓடாவி, நல்ல சமண்டலை மரப் பலகை ஆகிய மூன்றும் இருந்தால் என் சொல்லைக் கேட்க வேண்டாம், கட்டுங்கள். நீரில் நிற்கும் மரத்துக்குக் கப்பற்புழு எதிரி என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஆண்டுக்கு இரு தடவையாவது ஏற்றிக் காயவைத்து அடியைச் சுரண்டிப் பூச வேண்டும்.

பலகையை ஓட்டுக்கூரை போல ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிச் செப்பாணி கடாவும் முறையும் உண்டு. இலேசானது, அழகானது. மணலில் இழுக்கும் கரைக்கு ஆகாது. ஒவ்வொரு பலகையின் விளிம்பும் மணலில் தேயும், தேய்ந்ததை மாற்றுவது மிகவும் கடினம்.

பிசின் வந்தபின் பிறந்த முறைகள்

இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் எபொக்சிப் பிசின் மரவேலைக்கு வந்தபின் கணக்கு மாறியது. மரத்தை எல்லாப் பக்கமும் பிசினால் மூடிவிட்டால் அது ஊறுவதும் காய்வதும் மிகவும் குறையும். மணலில் கிடந்தாலும் வாய் திறப்பதில்லை. நம் கரைக்கு இது பெரிய வரம்.

கீற்றுப் பலகை முறையில் ஏறத்தாழ ஓர் அங்குல அகலக் கீற்றுகளை, ஓரடி இடைவெளியில் நிறுத்திய அச்சுச் சட்டங்களின்மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போவார்கள். பின் உள்ளும் புறமும் கண்ணாடி நார்த் துணியைப் பிசினில் ஒட்டுவார்கள். வளைவான எந்த வடிவமும் வரும். சீவித் தேய்க்கும் வேலைதான் முதுகை ஒடிக்கும். இரண்டாவது படகுக்கு இது நல்ல முறை.

அடுக்கொட்டு முறை பெரிய படகுகளுக்கு உரியது. மெல்லிய ஒட்டுப்பலகைக் கீற்றுகளைச் சட்டத்தின்மேல் குறுக்குச் சாய்வாக ஓர் அடுக்கு, அதற்கு எதிர்ச் சாய்வாக இன்னோர் அடுக்கு என்று பிசினில் ஒட்டுவார்கள். நார் பல திசைகளில் ஓடுவதால் இலேசாகவும் உறுதியாகவும் அமையும். 30 அடிக்கு மேல், ஆழ்கடலில் தளப்பத்து மீன் தேடிப் போகும் படகுக்கு இதற்கு நிகர் இல்லை. 16 அடிக்கு இந்த உழைப்பு தேவையில்லை.

மிஞ்சுவது தைத்து ஒட்டும் முறை. ஒட்டுப்பலகையைத் துணி வெட்டுவதுபோல் வெட்டி, செப்புக் கம்பியால் விளிம்புகளைத் தைத்து, மூலைகளைப் பிசினால் நிரப்பி, கண்ணாடி நார்த் துணிநாடா ஒட்டுவது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வெளிவந்த மிரர் என்ற சிறு பாய்ப்படகுதான் இந்த முறையை உலகெங்கும் பரப்பியது. வீட்டுக் கொட்டிலில் சாதாரண மக்கள் கட்டுவதற்கென்றே வடிவமைத்தது அது. தைத்துக் கட்டுவது நமக்கும் புதிதல்ல. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளைத் தென்னங்கயிற்றால்தான் தைத்தார்கள். அவற்றுக்கு உகந்ததென்று பெயர் பெற்ற திருகோணமலை மரம் நம் சமண்டலைதான். முதல் படகைக் கட்டும் எவருக்கும், எந்தக் கரையில் வைப்பவருக்கும் நான் சொல்வது இந்த முறையைத்தான். இனி அதன் படிகள்.

முதலாம் படி: அட்டையில் ஒரு படகு

வரைபடத்தை நல்ல வடிவமைப்பாளர் ஒருவரிடமிருந்து வாங்குங்கள். கண்மதிப்பில் தொடங்க வேண்டாம். அதைப் பத்தில் ஒரு பங்கு அளவில் தடித்த அட்டையில் வெட்டி, ஊசி நூலால் தைத்துப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும். அட்டையில் எங்கே மடிப்பு விழுகிறதோ அங்கே பலகையும் முரண்டு பிடிக்கும். பாக்கு நீரிணைப் பக்கம் என்றால் அடி தட்டையாக இருக்கட்டும். முல்லைத்தீவுப் பக்கம் அலையை வெட்டிப் போக அணியத்தில் கூர்மை வேண்டும், பின்முனையான கடையாரை நோக்கி அது குறைந்துகொண்டு வர வேண்டும்.

இரண்டாம் படி: பலகையை அவித்துப் பாருங்கள்

இந்த இடத்தில்தான் நான் அடிபட்டேன். முதல் படகுக்கு மலிவாகக் கிடைத்த ஒட்டுப்பலகையை, கடைக்காரர் “தண்ணீருக்கு ஒன்றும் செய்யாது” என்று சொன்னதை நம்பி வாங்கினேன். இரண்டாவது வாடை (வடகிழக்குக் காற்று) மழையில் பக்கப் பலகையில் கொப்புளம் எழுந்தது. விரல் மடக்கித் தட்டினால் நல்ல இடத்தில் ‘டக்’ என்று கேட்கும். அந்த இடத்தில் பழுத்த பூசணிக்காயைத் தட்டினதுபோல் இருந்தது. வெட்டிப் பார்த்தேன். நடு அடுக்கில் விரல் நுழையும் வெற்றிடம், அதற்குள் தேங்கிய நீர்.

அன்றுமுதல் வாங்குமுன் ஒரு துண்டு கேட்டு வாங்கி வருகிறேன். கையகலத் துண்டைச் சட்டியில் போட்டு நான்கு மணி நேரம் அவித்து, வெயிலில் ஒரு நாள் காயவைத்து, மறுபடி நான்கு மணி நேரம் அவியுங்கள். பின் உளியை விளிம்பில் வைத்து நெம்புங்கள். அடுக்குகள் பிரிந்தால் அந்தக் கடைக்குத் திரும்பிப் போக வேண்டாம். மரம் கிழிந்து பசை பிடித்து நின்றால் வாங்குங்கள். விளிம்புகளை வெளிச்சத்தில் பிடித்து உள் அடுக்கில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்படகு ஒட்டுப்பலகைக்கான பிரித்தானியத் தரமான பி.எஸ். 1088 என்று முத்திரை இருந்தால் நல்லது; முத்திரை இருந்தாலும் அவித்துப் பாருங்கள். பக்கத்துக்கு 6 மில்லிமீற்றர், அடிக்கு 9 மில்லிமீற்றர் தடிப்பு.

விளிம்புச் சட்டத்துக்கும் உள் சட்டங்களுக்கும் சமண்டலை, வேம்பு, தேக்கு ஆகியவை பொருந்தும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஆகவே ஒட்டுமுன் அசிற்றோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். பாலையையும் முதிரையையும் ஒட்டும் வேலைக்கு எடுக்காதீர்கள். இறுகிய மரத்தில் பிசின் ஊடுருவாது. அவற்றுக்கு வேறு இடம் வைத்திருக்கிறேன். மரம் தறிக்கவும் ஏற்றி வரவும் அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டில் களவாக அரிந்த பலகையில் படகு கட்டாதீர்கள். வன்னிக் காடு ஏற்கெனவே போதிய அளவு இழந்துவிட்டது.

மூன்றாம் படி: பிசினும் வெயிலும்

பைபர் படகு வார்ப்பவர்கள் பயன்படுத்தும் பொலியெஸ்டர் பிசின் மலிவு, கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். மரத்துக்கு அது ஆகாது. கொஞ்ச நாள் பிடித்து நிற்கும், பின் தோல் உரிவதுபோல் கழன்றுவிடும். எபொக்சி மட்டுமே. அதேபோல் பைபர் வேலைக்குரிய நார்ப்பாயையும் வாங்க வேண்டாம். அதன் நார்களைப் பிடித்திருக்கும் பசை பொலியெஸ்டரில் கரைவதற்கென்று செய்தது, எபொக்சியில் சரியாகக் கரையாது. கண்ணாடி நாரில் நெய்த துணிதான் வேண்டும்.

எபொக்சி குளிர்நாட்டுக் கணக்கில் எழுதிய குறிப்புகளோடு வரும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். 25 பாகையில் இருபது நிமிடம் தாங்கும் கலவை நம் பங்குனி வெயிலில் பத்து நிமிடம் தாங்காது. கோப்பையில் குவித்து வைத்தால் தானே சூடேறிப் புகையும். கொஞ்சமாகக் கலந்து, உடனே அகன்ற தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். பூச்சு வேலையை வெயில் இறங்கத் தொடங்கிய பின் செய்யுங்கள். காலையில் பூசினால் மரம் சூடேறச் சூடேற அதற்குள் உள்ள காற்று வெளிவந்து பிசினில் ஊசித்துளைகள் போடும்; மாலையில் மரம் குளிரும்போது பிசினை உள்ளே இழுக்கும். இறுகிய பூச்சின்மேல் மெழுகுபோல் ஒரு படலம் நிற்கும். நல்ல நீரால் கழுவித் தேய்த்த பின்னரே அடுத்த பூச்சு.

கையுறை இல்லாமல் தொட வேண்டாம். முதல் மாதம் ஒன்றும் செய்யாது, பிறகு ஒருநாள் தோல் தடித்துச் சொறியத் தொடங்கும். அது வந்தவர் அதன்பின் இந்த வேலையே செய்ய முடியாமல் போகலாம்.

வேலைக்குக் கொட்டில் வேண்டும். கிடுகு வேய்ந்தால் போதும், ஆனால் சோழகம் அள்ளி வரும் மணல் ஈரப் பிசினில் ஒட்டாமல் மேற்குப் பக்கத்தை மறையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் தொடங்க வேண்டாம்; மரம் காயாது.

நான்காம் படி: நீளம் கூட்டுதல்

ஒட்டுப்பலகை 8 அடி நீளம்தான். இரண்டைச் சாய்வாகச் சீவி ஒட்ட வேண்டும். சாய்வின் நீளம் தடிப்பின் எட்டு மடங்கு: 6 மில்லிமீற்றருக்கு 48, 9 மில்லிமீற்றருக்கு 72. பலகைகளைப் படிக்கட்டுபோல் அடுக்கி ஒரேயடியாகச் சீவினால் சாய்வு ஒன்றுபோல் வரும். அடுக்குகளின் பசைக்கோடுகள் நேரான வரிகளாகத் தெரிந்தால் சீவியது சரி. அவை வளைந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. இந்தச் சாய்வு 16 அடியில் கொஞ்சத்தைத் தின்னும் என்பதை வரைபடத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தைத்தல்

இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சேர்த்து வெட்டுங்கள். விளிம்பிலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே, நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு துளை. கம்பியை முதலில் தளர்வாக முறுக்குங்கள். முழுப் படகும் உருவெடுத்த பின்னரே இறுக்க வேண்டும்.

இறுக்குமுன் படகு முறுகியிருக்கிறதா என்று பார்ப்பது மிகவும் முக்கியம். இரண்டு நேரான சட்டங்களை விளிம்பின் குறுக்கே, ஒன்றை அணியத்துக்கு அருகிலும் மற்றதைக் கடையாரிலும் வையுங்கள். பத்தடி பின்னால் போய்க் குனிந்து, ஒரு சட்டத்தின் மேல்விளிம்பை மற்றதோடு பொருத்திப் பாருங்கள். இரண்டும் சமமாக ஓட வேண்டும். ஒரு முனை உயர்ந்தால் அந்த மூலையில் கட்டை வைத்துச் சரிசெய்யுங்கள். இப்போது விட்ட முறுக்கு படகின் ஆயுள் முழுவதும் அதை ஒரு பக்கம் இழுக்கும். எந்தச் சுக்கானும் அதைத் திருத்தாது.

பின் மூலைகளை நிரப்புங்கள். பிசினில் சலித்த மரத்தூளைக் கலந்து, ஒடியற் கூழைவிடத் தடிப்பாக, உழுத்தங்களிப் பதத்துக்கு எடுத்து, அகப்பையின் முதுகால் வழித்தால் ஒரே அளவான வளைவு வரும். அது ஈரமாக இருக்கும்போதே துணிநாடாவை ஒட்டிவிடுங்கள்.

ஆறாம் படி: கடையார்ப் பலகை

இயந்திரத்தை வாங்கிய பின் அல்லது குறைந்தது தீர்மானித்த பின் இதை வெட்டுங்கள். குட்டைத் தண்டு இயந்திரத்துக்கு 15 அங்குல உயரம், நீளத் தண்டுக்கு 20 அங்குலம். மாறிப் போனால் ஒன்றில் விசிறி காற்றைக் குடிக்கும், இல்லாவிட்டால் தண்டு அடியில் இழுபட்டு வேகத்தைத் தின்னும். தடிப்பு ஒன்றரை அங்குலமாவது வேண்டும். ஒட்டுப்பலகைகளை அடுக்கி ஒட்டுங்கள். இயந்திரத்தைப் பூட்டும் போல்ட் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, பிசினால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது போல்ட் மரத்தைத் தொடாது, நீரும் மரத்தைத் தொடாது.

ஏழாம் படி: மணலுக்கு ஒரு செருப்பு

மணலில் இழுபடும் படகின் ஏராவுக்கு அருகில் குனிந்து பாருங்கள். முதலில் பெயின்ட் போயிருக்கும். பிறகு துணியின் நெசவு சாம்பல் நிறத்தில் தெரியும். அதன்பின் விரல்நீளக் கறுப்புக் கோடு. கறுத்துவிட்டால் நீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். இதைத் தடுக்க, அடி முழுவதும் துணி போர்த்தி, ஏராவின் நடுக்கோட்டில் இன்னும் இரண்டு பட்டி கூடுதலாக ஒட்டுங்கள். அதன் கீழே முதிரை அல்லது பாலைச் சட்டம் ஒன்று. இதற்காகத்தான் அந்த மரங்களை ஒதுக்கி வைத்தேன். ஒட்டாமல், மெழுகுப் பூச்சில் பதித்துப் வெண்கலத் திருகாணியால் பூட்டுங்கள். மணல் அதைத் தேய்க்கட்டும். தேய்ந்ததும் கழற்றி மாற்றலாம்.

எபொக்சியை வெயில் கெடுக்கும், எனவே பெயின்ட் கட்டாயம். வெள்ளை அல்லது மிக வெளிர் நிறம். கரும் நிறம் பூசிய படகின் மேற்பரப்பு மதிய வெயிலில் கை வைக்க முடியாமல் சுடும். அந்தச் சூட்டில் பிசின் இளகும்.

எட்டாம் படி: பதிவு, வெள்ளோட்டம்

கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் படகைப் பதிவு செய்து, இலக்கத்தை அணியத்தில் எழுதி, மீன்பிடி அனுமதியையும் எடுங்கள். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இல்லாமல் வெள்ளோட்டம் கூட வேண்டாம். முதல் நாள் களப்பில், இயந்திரத்தை மெதுவாக ஓட்டி, மூன்று பேரும் ஒரே விளிம்பில் நின்று பாருங்கள்.

கரைக்கு வந்ததும் அடியில் உள்ள அடைப்பானைக் கழற்றி, மூடிய அறைகளின் மூடிகளையும் திறந்து, வடியும் நீரை ஒரு கோப்பையில் பிடித்து நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் அடியில் எங்கோ துளை. மூலைகளைத் தட்டித் தேடுங்கள். சப்பென்று இருந்தால் மேலே மூடியில் மழைநீர் இறங்குகிறது. கடல்நீரைவிட மழைநீரே மரத்தை வேகமாக உளுக்கச் செய்யும். ஆகவே வாடைக்காலம் முழுவதும் படகைக் கவிழ்த்து, இரண்டு பனங்குற்றிகளின்மேல் ஏற்றி, காற்றுப் புகும்படி கிடுகால் மூடி வையுங்கள்.